மீதித் தூரம்

மராத்தான் என்னும் நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தின் முழுத் தூரம் 42.195 கிலோமீட்டர் என்பதும், அதற்கு ஆயத்தம் செய்கிறவர்கள் பந்தய நாளுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னால் ஒரு விடுமுறைக் காலையில் தங்கள் பயிற்சியிலேயே மிக நீண்ட ஓட்டத்தை ஓடி முடிப்பார்கள் என்பதும், அந்த நீண்ட ஓட்டமும் பெரும்பாலும் 30 அல்லது 32 கிலோமீட்டரோடு நின்றுவிடும் என்பதும் அத்துறையில் பழகியவர்கள் யாவரும் அறிந்த செய்தி. முழுத் தூரத்தையும் பயிற்சியில் ஓடிப் பார்த்துவிட்டால், உடம்பு மறுபடி தேறுவதற்குள் பந்தய நாள் வந்துவிடும். அன்றைக்கென்று சேர்த்து வைத்த பலம் முன்கூட்டியே செலவாகிவிடும். ஆகவே கடைசிப் பத்துக் கிலோமீட்டர் என்பது பெரும்பாலோருக்குப் பரீட்சித்துப் பாராத பூமியாகவே இருந்துவருகிறது. அங்கே என்ன நேரும் என்பது பந்தய நாளன்றுதான் தெரியும்.

இளமையில் ஓடுகிறவனுக்கு இதில் சிந்திக்க வேண்டிய விஷயம் ஒன்றும் இருப்பதாகத் தோன்றுவதில்லை. சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு தன் தேகத்தில் வலுக் கூடியிருப்பதை அவன் கண்கூடாகக் காண்கிறான். வளர்பிறையைப் பார்த்தவன் பௌர்ணமியை எதிர்பார்ப்பதுபோல, முப்பதை ஓடியவன் நாற்பதை எதிர்பார்க்கிறான். ஆனால் அறுபத்தைந்தையோ எழுபதையோ கடந்த ஒருவர் அதே நீண்ட ஓட்டத்தை ஓடி முடித்து, மூச்சும் கால்களும் தம்மைக் கைவிடவில்லை என்று கண்டு, மனம் நிறைந்த தெம்போடு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தேகத்தின் கணக்கு ஏறுமுகக் கணக்கு அன்று. நடுவயதுக்கு மேல் பிராணவாயுவை ஏற்றுப் பயன்படுத்தும் உச்ச சக்தி பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே வருகிறது என்றும், இடைவிடாத பயிற்சியால் அந்தக் குறைவை மந்தப்படுத்தலாமே ஒழிய அறவே தடுக்க இயலாதென்றும் உடற்கூற்று வல்லுநர்கள் கூறுகிறார்கள். அப்படியானால் அந்த முதியவருடைய தெம்பு எதை ஆதாரமாகக் கொண்டு நிற்கிறது? இறங்குமுகத்தில் உள்ள ஒரு மனிதன் நியாயமாக எதன்மேல் நம்பிக்கை வைக்கலாம்? ஓட்டப் பந்தயத்தை அற்பமான விஷயமென்று நினைப்பவர்கள்கூட, இந்தக் கேள்வியை அற்பமானதென்று தள்ளிவிட மாட்டார்கள் என்று எண்ணுகிறேன். மூப்பு எய்தும் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு ரூபத்தில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான் அது.

இந்த நம்பிக்கை ஓர் அநுமானம் என்று சிலர் சொல்லக்கூடும். முப்பத்திரண்டு ஓடினார், ஆகவே நாற்பத்திரண்டும் ஓடுவார் என்பது அவர்கள் தர்க்கம். ஆனால் நியாய சாஸ்திரத்தார் அநுமானத்துக்கு விதித்த நிபந்தனை கடுமையானது. புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதென்றால், புகையுள்ள இடமெல்லாம் நெருப்பும் உண்டென்ற வியாப்தி பிறழாமல் நிலைபெற்றிருக்க வேண்டும். முப்பத்திரண்டுக்கும் நாற்பத்திரண்டுக்கும் இடையே அத்தகைய வியாப்தி கிடையாது. தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்துள்ள சர்க்கரைச் சத்து ஏறக்குறைய முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டித்தான் பலருக்குத் தீர்ந்துபோகிறது. அதுவரை சீராக ஓடிவந்தவர்கள் திடீரென்று சுவரில் மோதியவர்கள்போல் நின்றுவிடுவது அந்த எல்லைக்கு அப்பால்தான். பயிற்சி ஓட்டம் எங்கே முடிகிறதோ, அங்கேதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. ஆகவே நீண்ட ஓட்டம் தரும் தெம்பை அநுமானம் என்று வைத்துக்கொண்டால், அது குறையுள்ள அநுமானமாகத்தான் இருக்க முடியும்.

ஆனால் அது அநுமானமே அன்று என்பது என் எண்ணம். அதற்கு ஒரு சாட்சி சொல்லவேண்டுமானால், பஞ்சாபிலே ஜலந்தருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, முதுமையில் லண்டன் நகரத்தின் கிழக்குப் பகுதியான இல்ஃபோர்டுக்கு மகனோடு வாழச் சென்ற பௌஜா சிங்கின் வரலாற்றை எடுத்துக்கொள்வேன். கடவுச்சீட்டின்படி 1911 ஏப்ரல் 1ஆம் தேதி பிறந்தவர் அவர். 2000ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், 89ஆம் வயது நிறைந்த சில நாட்களுக்குள், லண்டன் மராத்தானை 6 மணி 54 நிமிஷத்தில் ஓடி முடித்தார்; 2003இல் கனடாவின் டொரொன்டோ நகரில் 92ஆம் வயதில் அதே தூரத்தை 5 மணி 40 நிமிஷத்தில் ஓடினார்; 2011இல் அதே நகரில், நூறு வயதினராக, எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடி எல்லைக் கோட்டைக் கடந்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காரணத்தால் கின்னஸ் புத்தகத்தார் அந்தச் சாதனையைப் பதிவு செய்யவில்லை. அவர் பிறந்த காலத்துக் கிராமங்களில் பிறப்பை எழுதி வைக்கிற வழக்கம் இல்லாதிருந்ததற்கு அந்தக் கிழவர் என்ன செய்வார்? ஓடிய கால்கள் ஓடியவைதாம்.

முதன்முதலில் பயிற்சிக்கு வந்தபோது அவர் கோட்டும் வெயிஸ்ட்கோட்டும் கால்சட்டையுமாக முழு சூட் அணிந்து வந்து நின்றார் என்று அவருக்குப் பயிற்சி அளித்த ஹர்மந்தர் சிங் கூறியிருக்கிறார். உடையிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருந்ததாம். அந்த ஆரம்ப நாட்களில் 20 கிலோமீட்டர் தூரத்தை அதிகச் சிரமமின்றி ஓடி முடித்த பௌஜா சிங், மராத்தான் என்பது 26 கிலோமீட்டர் என்று எண்ணிக்கொண்டு, தம்மால் அதை ஓடிவிட முடியுமென்று உற்சாகம் கொண்டார். இருபத்தாறு என்பது மைல் கணக்கு என்ற உண்மை பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. இன்னும் ஆறு கிலோமீட்டர்தான் பாக்கி என்று நினைத்த இடத்தில் இருபத்திரண்டு கிலோமீட்டர் பாக்கியிருந்தது. ஓடி முடித்ததைவிட ஓட வேண்டியது அதிகம்!

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அந்த முதியவருடைய உற்சாகம் தூரக் கணக்கிலிருந்து பிறந்த அநுமானமாக இருந்திருந்தால், கணக்குப் பிழையென்று தெரிந்த அந்த க்ஷணத்திலேயே அது அற்றுப்போயிருக்க வேண்டும். ஹேது என்னும் காரணம் பொய்த்தால், அதைக் கொண்டு நாட்டிய முடிவு நிலைபெறாது என்பது தர்க்கத்தின் விதி. ஆனால் நடந்தது வேறு. உண்மை தெரிந்த பிறகுதான் அவர் முன்னிலும் தீவிரமாகப் பயிற்சி செய்யத் தொடங்கினார். கணக்கு உடைந்தது; தெம்பு உடையவில்லை. அப்படியானால் அந்தத் தெம்பு கணக்கை ஆதாரமாகக் கொண்டதன்று. அன்றைய ஓட்டம் அவருக்குள் வேறு எதையோ எழுப்பிவிட்டிருந்தது. அதைத்தான் நம் முன்னோர்கள் சிரத்தை என்றார்கள். அதற்குக் காரணங்களைக் காட்டலாமேயன்றி, அந்தக் காரணங்களைக் கூட்டி அதை உண்டாக்கிவிட முடியாது.

அது எவ்வாறு எழுகிறது என்பதை அறிய, நீண்ட ஓட்டத்துக்குள்ளேயே கொஞ்சம் புகுந்து பார்க்க வேண்டும். முதியவர் ஒருவர் விடிவதற்கு முன் எழுந்து, வாசற்படியில் உட்கார்ந்து, குனிய மறுக்கும் முதுகைக் கெஞ்சிக் குனியவைத்துக் காலணிக் கயிற்றை இரட்டை முடிச்சாகப் போடுகிறார். முதல் மூன்று நான்கு கிலோமீட்டர் வரை மூட்டுகள் முறையிடுகின்றன. இளைஞனுக்குப் பத்து நிமிஷத்தில் சூடேறுகிற உடம்பு, இவருக்கு அரை மணி எடுத்துக்கொள்கிறது. பிறகு மூச்சு ஓர் ஒழுங்குக்கு வருகிறது. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாதென்பது இந்தப் பயிற்சியின் விதியாகையால், வேகம் ஒன்றும் அதிகமாக இருப்பதில்லை. இரண்டு மணி நேரம் கடந்த பின், வலது காலின் சிறுவிரல் நகம் காலணியில் உரசுவதும், நெற்றி வியர்வை காய்ந்து உப்பாகப் படிந்து புருவத்தில் நெறுநெறுப்பதும், இடுப்பு மெல்ல மெல்லத் தாழ்ந்து பாதங்கள் தரையைத் தேய்க்கத் தொடங்குவதும் தெரியவருகின்றன. உடம்பு போதும் என்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு, கோபிக்காமலும் கீழ்ப்படியாமலும், இன்னும் கொஞ்சம் என்று சொல்கிற ஒருவர் உள்ளே இருக்கிறார்.

தேகம் வேறு, தேகி வேறு என்ற உபதேசத்தைச் சாஸ்திரங்களில் நாம் எத்தனையோ தடவை படித்திருக்கிறோம். இளமையில் அது வெறும் வார்த்தை. ஏனெனில் இளைஞனுடைய உடம்பு நினைத்ததைச் செய்கிறது, அதற்கும் அவனுக்கும் பேதம் தோன்ற இடமில்லை. முதுமையில் உடம்புக்கென்று ஒரு தனி அபிப்பிராயம் ஏற்பட்டுவிடுகிறது. அதனோடு சம்பாஷணை செய்து, அதன் நியாயமான குறைகளுக்குச் செவிகொடுத்து, நியாயமற்ற முறையீட்டைப் பொறுமையோடு புறக்கணித்து, மூன்று மணி நேரம் அதனுடன் சேர்ந்து பிரயாணம் செய்கிற முதியவருக்கு அந்தப் பேதம் அநுபவமாகவே சித்திக்கிறது. வானப்பிரஸ்த வயதில் ஒருவன் தேகாபிமானத்தை விட வேண்டியிருக்க, காலைப் பிடித்துக்கொண்டு ஓடப் போகலாமா என்று ஆக்ஷேபிக்கிறவர்களுக்கு இதைத்தான் நான் விடையாகச் சொல்வேன். மனம் காற்றைப்போல் அடக்குவதற்கு அரியது என்று அர்ஜுனன் முறையிட்டபோது, பகவான் அப்பியாசத்தையும் வைராக்கியத்தையும் சேர்த்தே உபாயமாகச் சொன்னார். பதஞ்சலி முனிவரும் அவ்விரண்டையும் பிரிக்காமல் வைத்து, நெடுங்காலம் இடையறாது ஆதரவோடு செய்யப்பட்ட அப்பியாசமே திடமான நிலமாகும் என்றார். நெடுங்காலம், இடையறாமை, ஆதரவு என்ற மூன்றும் முதிய ஓட்டக்காரரிடம் உள்ளதுபோல் இளையவரிடம் இருப்பது அருமை.

ஆனால் வைராக்கியம்? பந்தயத்தில் ஆசை வைத்தல்லவா அவர் ஓடுகிறார்? பலனில் பற்றில்லாமல் கருமம் செய் என்ற கீதையின் கட்டளையை, ஆசை என்பதே எழாத மரக்கட்டை நிலை என்று பொருள்கொண்டு உபதேசிப்பவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பந்தயம் என்ற ஒன்று முன்னால் இல்லாவிட்டால், எந்த முதியவரும் பனிக்காலையில் மூன்று மணி நேரம் ஓடப் போவதில்லை. இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் குடியேறிய சுரங்கப் பொறியியலாளர் எட் விட்லாக் என்பவர் இதற்கு மிக உண்மையான உதாரணம். 2003இல், 72ஆம் வயதில், மராத்தானை 2 மணி 59 நிமிஷம் 10 விநாடியில் ஓடி, எழுபதைக் கடந்தவர்களுள் மூன்று மணிக்குள் அதை முடித்த முதல் மனிதரானார். மறு ஆண்டிலேயே அதை 2 மணி 54 நிமிஷம் 48 விநாடியாகக் குறைத்தார். 2016இல், 85ஆம் வயதிலும், நான்கு மணிக்குள் ஓடி முடித்தார். அதற்கடுத்த மார்ச் மாதத்தில் காலமானார்.

விட்லாக்கின் பயிற்சி ஸ்தலம் ஓர் இடுகாடு. மில்டன் என்ற ஊரில் தம் வீட்டுக்கு அருகேயிருந்த எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தின் சிறிய சுற்றுப்பாதையில், பழைய காலணியோடு, குருவோ கருவியோ இல்லாமல், குறுகிய அடிகளாக எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே வட்டத்தை இரண்டு மணி மூன்று மணி நேரம் அவர் சுற்றுவார். மரணத்தைத் தியானிக்கத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று எழுதத் தோன்றும்; ஆனால் வண்டிகளின் தொல்லை இல்லை, வீடும் கிட்டத்தில் இருக்கிறது என்பதே அவர் சொன்ன காரணம். அந்தப் பயிற்சியில் தமக்கு ஆனந்தம் ஒன்றும் இல்லையென்றும், பந்தயத்துக்காகவே அதைச் செய்வதாகவும் அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். பலனில் விருப்பம் உள்ளவர்தான். எனினும், பெயர் பொறித்த கற்களுக்கு நடுவே, பார்ப்பவர் யாருமின்றி, கைதட்டலின்றி, நாள்தோறும் மூன்று மணி நேரம் சுற்றி வருகிற ஒரு மனிதரை அந்த மூன்று மணி நேரமும் பலனாசை மட்டுமே நடத்திச் சென்றிருக்க முடியும் என்று நம்ப என்னால் முடியவில்லை. ஆசை மனிதனைப் பாதைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. வந்த பிறகு, பாதை மெல்ல மெல்ல அந்த ஆசையைத் தேய்த்துவிடுகிறது. முப்பதாவது கிலோமீட்டரை நெருங்கும்போது பந்தயத்தை நினைத்துக்கொண்டிருப்பவர்கள் சிலரே. அடுத்த அடி, அடுத்த மூச்சு என்பதற்கு மேல் சித்தத்தில் இடமிருப்பதில்லை. பலனைத் துறக்க வேண்டுமென்று உட்கார்ந்து தீர்மானிப்பதைவிட, பலன் தானாக நழுவிப்போகும் அளவுக்குக் காரியத்தில் மூழ்குவதுதான் மனித இயல்புக்குப் பொருந்திய துறவு.

இனி அந்த மீதித் தூரத்துக்கு வருவோம். கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் எந்தக் கருமமும் நிறைவேறுவதற்கு ஐந்து காரணங்கள் கூறப்பட்டிருக்கின்றன. உடம்பாகிய இருப்பிடம், செய்கிறவன், கருவிகள், பலவகைச் சேஷ்டைகள் என்ற நான்கையும் சொல்லிவிட்டு, ஐந்தாவதாகத் தெய்வத்தை வைத்திருக்கிறார் பகவான். முதல் நான்கையும் பயிற்சியால் பண்படுத்தலாம். ஐந்தாவதைப் பயிற்றுவிக்க யாராலும் ஆகாது. திருவள்ளுவரும் ஊழின் வலிமையை ஓர் அதிகாரத்தில் சொல்லி, ஆள்வினையுடைமையில் உடலை வருத்திய அளவுக்கு முயற்சி கூலி கொடுக்கும் என்கிறார். இரண்டும் முரண்படுவதாக வாதிட்டவர்கள் உண்டு. நீண்ட ஓட்டத்தை ஓடியவருக்கு அந்த முரண் தெரிவதில்லை. கூலி அன்றைக்கே, அந்தத் தெம்பின் வடிவில், அவர் கையில் கொடுக்கப்பட்டுவிட்டது. பந்தய நாளில் என்ன கிடைக்கும் என்பது வேறு கணக்கு.

பௌஜா சிங் தமக்கு முதல் இருபது மைல்கள் கடினமல்லவென்றும், கடைசி ஆறு மைல்களைக் கடவுளோடு பேசிக்கொண்டே ஓடுவதாகவும் சொன்னதுண்டு. இருபது மைல் என்பது 32 கிலோமீட்டர். பயிற்சி எந்த இடத்தில் நிற்கிறதோ, அதே இடத்தில் அவருடைய பிரார்த்தனை தொடங்குகிறது! இது தற்செயலான பொருத்தமாக இருக்கலாம். ஆயினும் எனக்கு இதில் பெரிய தத்துவம் அடங்கியிருப்பதாகவே தோன்றுகிறது. அவருடைய சமயத்தின் ஆதி குருவான நானக் தேவர், பக்தியுள்ள சீக்கியர்கள் வைகறையில் ஓதும் ஜபுஜியில், வினையால் கிடைப்பது உடல் என்றும், அருளால் திறப்பது முக்தியின் வாயில் என்றும் வேறுபடுத்திக் காட்டுகிறார். முயற்சிக்கும் அருளுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றித் தென்னாட்டு வைஷ்ணவ ஆசாரியர்களும் நெடுங்காலம் விவாதித்திருக்கிறார்கள். பகவானுடைய கிருபை எந்த ஹேதுவையும் எதிர்பாராதது என்பது பிள்ளை லோகாசாரியருடைய பக்ஷம். வேதாந்த தேசிகரோ, ஜீவன் தன்னால் இயன்ற ஒரு சிறு காரியத்தை வியாஜமாகவேனும், அதாவது ஒரு சாக்காகவேனும், செய்ய வேண்டும், அந்த வியாஜம் அருளுக்கு விலை ஆகாது, ஆனாலும் அது இல்லாமல் அருள் வருவதில்லை என்றார். முதியவருடைய நீண்ட ஓட்டத்தை நினைக்கும்போது தேசிகரின் பக்ஷமே என் மனத்துக்கு இசைகிறது. முப்பத்திரண்டு கிலோமீட்டர் என்பது மீதிப் பத்துக்குக் கொடுத்த விலை அன்று. ஆனால் அந்த முப்பத்திரண்டை ஓடாதவருக்கு மீதிப் பத்தின் வாசலில் போய் நிற்கும் தகுதி இல்லை.

மீதிப் பத்தை ஓடவைப்பது வெறும் மனத் திடமும் கூட்டத்தின் ஆரவாரமும் பந்தய நாளுக்கு முன் எடுத்த ஓய்வும் சேர்ந்து தருகிற பலமே, கடவுளை இதில் இழுப்பானேன் என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் சொல்கிற காரணங்கள் உண்மையானவை. ஆனால் இதைவிடக் கடுமையான கேள்வி ஒன்று உண்டு. கடைசி ஆறு மைல்களில் உடன் வந்த கடவுள், 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், சொந்தக் கிராமத்தருகே சாலையில் சென்றபோது பௌஜா சிங்கை ஒரு வாகனம் மோதி வீழ்த்திய சமயத்தில் எங்கே இருந்தார்? இதற்கு நான் சமாதானம் கற்பிக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் பௌஜா சிங் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய சந்தர்ப்பம், அவர் ஓடத் தொடங்குவதற்கு முன்பே நேர்ந்துவிட்டது என்பதை நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறேன். 1992இல் மனைவியையும், 1994இல் விபத்தொன்றில் வளர்ந்த மகனையும் அவர் பறிகொடுத்திருந்தார். அந்தத் துக்கத்திலிருந்து மீள்வதற்கு வழியாகத்தான் ஓட்டம் அவருடைய முதுமையில் வந்து சேர்ந்தது. மகனைக் காப்பாற்றாத கடவுளோடுதான் அவர் அந்த ஆறு மைல்களும் பேசிக்கொண்டு ஓடினார். ஆகையால் அந்தப் பேச்சில் பேரம் இருந்திருக்க முடியாது. சீக்கியர்களின் அர்தாஸ் என்னும் பிரார்த்தனையின் முடிவில், சர்தி கலா என்ற எழுச்சி நிறைந்த மனநிலையும், இறைவனுடைய சங்கற்பத்துக்கு இசைதலும் ஒரே மூச்சில் வேண்டப்படுகின்றன. விளைவு எதுவாயினும் மனம் மேல்நோக்கியே இருக்க வேண்டும் என்கிற அந்த நிலையை, நல்ல பயிற்சி ஓட்டம் முடிந்து வருகிற முதியவருடைய முகத்தில் ஒரு கணமாவது காணலாம்.

அந்தத் தெம்புக்கு ஓர் அபாயமும் உண்டு. நன்றாக ஓடி முடித்தவருக்கு, அடுத்த வாரமே இன்னொரு முறை ஓடிப் பார்க்கலாம், விட்டுவைத்த பத்தையும் சேர்த்தே ஓடிப் பார்க்கலாம் என்ற சபலம் தட்டும். முதியவர்கள் பலர் கெண்டைக்கால் தசையையும் குதிநரம்பையும் கெடுத்துக்கொள்வது இந்தச் சபலத்தால்தான். நீண்ட ஓட்டத்துக்குப் பின் வாரத்துக்கு வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து பந்தயத்துக்குள் புக வேண்டுமென்பது பயிற்சியாளர்கள் எல்லோரும் வற்புறுத்தும் முறை. டேப்பர் என்று அதைச் சொல்கிறார்கள். அறுந்த தசை நார்கள் கூடுவதும், தீர்ந்துபோன சர்க்கரைச் சேமிப்பு நிரம்புவதும், ஓட்டத்தில் விதைத்த பலம் உடம்பில் வேர் பிடிப்பதும் அந்தச் சும்மா இருக்கும் நாட்களில்தான். வயது ஏற ஏற அந்த நாட்களும் அதிகமாக வேண்டியிருக்கின்றன. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, செய்ததைச் சோதித்துப் பார்க்காமல் இருப்பது, செய்வதைவிடக் கடினமான அப்பியாசம். பந்தயத்தை எதிர்நோக்கியிருக்கும் ஒரு பெரியவரை அந்த வாரங்களில் சந்திக்க நேர்ந்தால், எவ்வளவு தூரம் ஓடினீர்கள் ஐயா என்று விசாரிப்பதைவிட, ஓடாமல் இருக்க முடிகிறதா ஐயா என்று விசாரிப்பதே பொருத்தமான குசலப் பிரசினம்.